பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வேண்டாம்

‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு வந்த வண்டிகள் சென்னைத் தெருக்களில் அருகிவிட்டன. அந்த வண்டிக்காரரின் கணக்கு மட்டும் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது: ஓடாத பொருளுக்கு மதிப்பு அதன் எடைதான். மிக்ஸி நின்றால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், செல்போன் திரை அணைந்தால் புது செல்போன், மின்விசிறி முனகினால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று. ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்று காட்ட ஒரு சாண் நீளமுள்ள பித்தளை ரயில் இன்ஜின் போதும். பல வருஷம் பெட்டிக்குள் கிடந்து, எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தால் அசைய மறுக்கும் மாடல் இன்ஜின். அதை மறுபடி ஓடவைப்பது போன்ற வேலை, கிண்டியிலும் அதைச் சுற்றியும் உள்ள பொறியியல், தொழிற்பயிற்சி நிலையங்கள் அனைத்திலும் மதிப்பெண் உள்ள ஒரு பாடமாக வேண்டும் என்பது என் வாதம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பொருள் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் சிறு பட்டறைகள் பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, அமெரிக்க ரயில் பிரியர்களுக்காக மாடல் இன்ஜின்களைச் செய்து அனுப்பின. ஜப்பானில் கூலி உயர்ந்த பிறகு அந்தத் தொழில் தென் கொரியாவுக்கு நகர்ந்தது. பிளாஸ்டிக் பொம்மைபோல லட்சக்கணக்கில் அச்சில் வார்த்தவை அல்ல இவை. சிறு எண்ணிக்கையில், பெரும்பகுதி கைவேலையாகச் செய்தவை. பரவலான அளவு 87-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அதாவது 1,435 மி.மீ. அகலமுள்ள அசல் பாதையின் சுருக்கம். கிண்டியில் மெட்ரோ ஓடுவது அதே 1,435 மி.மீ. பாதையில்தான். பக்கத்திலேயே புறநகர் ரயில் ஓடுவது 1,676 மி.மீ. அகலப் பாதையில், 2004 வரை அங்கே மீட்டர்கேஜ் மின்ரயிலும் ஓடியது. மூன்று அளவுப் பாதைகளையும் பார்த்துவிட்ட ஊர் கிண்டி. ரயில் மாடலைப் பற்றிப் பேச அந்த ஒரு தகுதியே போதும்.

இப்போது பழுதுக்கு வருவோம். கிண்டி நிலையத்துக்கு வரும் மின்ரயில் தலைக்கு மேலே உள்ள கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்து, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் திருப்பி விடுகிறது. மாடலுக்கு மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களும் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தின் இரண்டு முனைகள். இன்ஜினின் ஒரு பக்கச் சக்கரங்கள் ஒரு தண்டவாளத்திலிருந்து எடுத்துப் பித்தளை உடம்புக்குக் கொடுக்கின்றன. மறுபக்கச் சக்கரங்களில் மின்சாரம் ஏறாதபடி காப்பு வைத்திருப்பார்கள். பின்னால் வரும் டெண்டரில் (நீராவி இன்ஜினின் கரி, தண்ணீர் வண்டி) இதே ஏற்பாடு தலைகீழாக இருக்கும். அது மற்றத் தண்டவாளத்திலிருந்து எடுக்கும். டெண்டர் எடுத்ததை மோட்டாருக்குக் கொண்டுபோவது எது? இரண்டையும் கோக்கும் சின்ன இணைப்புக் கம்பிதான். பார்வைக்கு வெறும் கொக்கி. உண்மையில் பாதி மின்சுற்று அதன் வழியாகப் போகிறது. அந்தக் கம்பி மாட்டும் முளையில் களிம்பு ஏறினால் போதும், ரயில் நின்றுவிடும். சக்கர விளிம்பில் கறுப்பாக அழுக்கு படிந்தாலும் அதே கதிதான். ஆனால் இன்ஜின் அசையவில்லை என்றதும் பத்தில் ஒன்பது பேர் சொல்வது ‘மோட்டார் போச்சு’.

மோட்டார் போய்விட்டதா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ள அரை நிமிஷம் ஆகும். இரண்டு வயர்களை எடுத்து மோட்டாரின் கார்பன் பிரஷ்களில் நேரடியாக வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றினால் மோட்டார் நலம். குற்றம் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. உறுமிவிட்டு நின்றால் பல்சக்கரத்திலோ சக்கரத்திலோ ஏதோ இறுகியிருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால்தான் மோட்டாரையே பார்க்க வேண்டும். அப்போதும் எரிந்துபோயிருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரஷ் தேய்ந்து உதிர்த்த கரித்தூள் கம்யூட்டேட்டரின் பிளவுகளில் அடைந்திருக்கலாம். அதைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிடலாம். பழைய எண்ணெய் மெழுகாக இறுகி அச்சைப் பிடித்திருக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்வக்கோளாறில் மோட்டாரைப் பிரித்துக் காந்தத்தை வெளியே எடுத்தால், அந்தக் காலத்து உலோகக் காந்தம் வலுவிழந்துவிடும். பிறகு மோட்டார் ஓடும். ஆனால் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும், சூடேறும், இழுவை இருக்காது. நன்றாக இருந்த ஒன்றைப் பழுது பார்த்தவரே கெடுத்த கதையாகிவிடும். எதைத் தொடக் கூடாது என்பதும் பழுது பார்க்கும் அறிவில் சேர்த்திதான்.

இயந்திரப் பகுதியில் இன்னும் நுட்பமான குற்றங்கள் உண்டு. மோட்டார் தண்டையும் வார்ம் கியர் தண்டையும் ஒரு சின்ன ரப்பர் குழாய் இணைத்திருக்கும். வருஷக்கணக்கில் அது கெட்டிப்பட்டு வெடித்துவிட்டால் மோட்டார் சுற்றும், சக்கரம் சுற்றாது. அதே உள்விட்டத்தில் புது ரப்பர் குழாய் ஒரு துண்டு போதும். அடுத்தது, சக்கரங்களை இணைக்கும் தண்டு. நீராவி இன்ஜினில் இடப்பக்க முளையும் வலப்பக்க முளையும் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, முன்பின்னாக நிற்கும். ஒரு பக்கப் பிஸ்டன் கோடியில் போய் உந்தமுடியாமல் நிற்கும் நொடியில் மறுபக்கப் பிஸ்டன் தள்ளிவிட வேண்டும் என்பதற்காக 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு அது. மாடலில் பிஸ்டன் வெறும் அலங்காரம், ஓட்டுவது மோட்டார். ஆனாலும் ஒரு சக்கரம் அச்சில் கொஞ்சம் நழுவி அந்தக் கோணம் தவறினால் தண்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இன்ஜின் விக்கினால் குற்றம் இதுதான் என்று, பிரிக்காமலே சொல்லிவிடலாம். நேர்ப்பாதையில் ஓடி வளைவில் மட்டும் நின்றால்? முன்சக்கரம் திரும்பும்போது பித்தளை உடம்பில் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது. அங்கே ஒரு துளி வார்னிஷோ மெல்லிய காப்புத் தாளோ வேலையை முடித்துவிடும்.

இதில் எங்கே செலவு ஆயிற்று என்று பாருங்கள். ரப்பர் குழாய், துடைக்கும் ஆல்கஹால், ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்சம் ஈயம். பொருட்செலவு ஒரு காபிக் காசைத் தாண்டாது. நேரமெல்லாம் போனது யோசிப்பதில்: இது இருந்தால் அது இருக்காது, அது இல்லையென்றால் அடுத்து எதைச் சோதிப்பது என்று சந்தேகங்களை வரிசையாக விலக்கிக்கொண்டே போவதில். மருத்துவக் கல்லூரியில் இதற்காகவே மாணவர்களை நோயாளியின் படுக்கையருகே நிறுத்துகிறார்கள். பொறியியல் கல்லூரியில் அந்தப் படுக்கை எங்கே இருக்கிறது? முதலாண்டுப் பணிமனையில் ஃபிட்டிங், வெல்டிங், வயரிங், சால்டரிங் எல்லாம் சொல்லித்தருகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் முடிவு முன்கூட்டியே தெரியும். வரைபடம் இருக்கும், அளவு இருக்கும், போன வருஷத்து ரெக்கார்டு நோட்டு விடுதியில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆசிரியருக்கே விடை தெரியாத ஓர் இயந்திரத்தை மாணவர் முன் வைத்து ‘இது ஏன் ஓடவில்லை, சொல்’ என்று கேட்கும் மணிநேரம் பாடத்திட்டத்தில் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் நிலைமை சற்று மேல். அங்கும் செய்முறைத் தேர்வில் பெரும்பாலும் புதிதாக ஒரு ஜாப் செய்துகாட்டத்தான் சொல்கிறார்கள்.

கிண்டியைச் சொல்லக் காரணம் உண்டு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி 1920-இல் இங்கே குடிவந்தது. 1958-இல் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த வருஷமே மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.ஐ.டி. வந்தது. பக்கத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சூத்திரம் தெரிந்தவரும், லேத் ஓட்டத் தெரிந்தவரும், ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறை முதலாளியும் ஒரு ஷேர் ஆட்டோ தூரத்துக்குள் இருக்கும் இடங்கள் இந்தியாவில் அதிகமில்லை. அப்படியிருந்தும் இவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது வளாக நேர்காணலிலோ கொட்டேஷன் கேட்கும்போதோதான். நின்றுபோன ஓர் இயந்திரம் நடுவில் இருந்தால் மூவருக்கும் ஒரே மேஜை கிடைக்கும்.

எதிர்வாதங்களில் வலுவானது பணத்தைப் பற்றியது. மூவாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு ஒரு மெக்கானிக் அரை நாள் செலவிட்டால் கூலி கட்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரிக்கவே முடியாதபடி ஒட்டி மூடிய மலிவான சார்ஜரைப் பழுது பார்க்கச் சொல்வது அறிவீனம். உப்பிப்போன லித்தியம் பேட்டரியைத் திறக்கச் சொல்வது ஆபத்து. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அரை நாள் ஏன் ஆகிறது? குற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறை தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதால். முறை தெரிந்த கைக்கு அது அரை மணி வேலை. கூலிக் கணக்கே பயிற்சியைப் பொறுத்து மாறுகிறது. மறுபக்கச் செலவையும் யாராவது எழுத வேண்டும். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் கொட்டியிருக்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். மீதியின் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதைச் சென்னையின் காயலான் கடைகளின் பின்கட்டில் பார்க்கலாம்.

பாகம் கிடைக்காது என்பது அடுத்த வாதம். ஜப்பானியப் பட்டறையே மூடிவிட்ட பிறகு பல்சக்கரத்துக்கு எங்கே போவது? இதற்குப் பதில் நீலகிரி மலை ரயிலில் இருக்கிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் பல்தண்டவாளத்தைப் பிடித்து மலையேறும் எக்ஸ் ரக இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. முதல் தொகுதி 1914-இல் வந்தது, கடைசித் தொகுதி 1952-இல். அதற்குப் பிறகு அந்த இன்ஜினைக் கடையில் கேட்டு வாங்க வழியில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை அவற்றை ஓவர்ஹால் செய்தே ஓட்டியது. பிரித்துப் பூட்டிப் பழகிய அந்த அறிவு ஒரு கட்டத்தில் புது இன்ஜினையே செய்யும் அறிவாக மாறியது: முதலில் எண்ணெயில் ஓடுபவை, பிறகு 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. பழுது பார்ப்பவருக்கு வடிவமைப்பு வராது என்று நினைப்பவர்கள் பொன்மலையை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். அங்கே பழுது பார்த்ததுதான் வடிவமைப்புக்குப் பள்ளிக்கூடம். அந்த அளவோடு ஒப்பிட்டால், மாடல் இன்ஜினின் ஒரு பித்தளைப் பல்சக்கரம் கிண்டித் தொழிற்பேட்டைக்கு ஒரு பொருட்டே இல்லை.

சேகரிப்பாளர்கள் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறார்கள். பழைய மோட்டாரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை வைத்தால் பொருளின் அசல்தன்மை போய்விடும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தொடாதீர்கள் என்பது அவர்கள் கட்சி. இதே சண்டை முழு அளவு இன்ஜின்களுக்கும் உண்டு. லீட்ஸ் நகரில் செய்து 1855-இல் இந்தியாவுக்கு வந்த ஈ.ஐ.ஆர்.-21 இன்ஜின் 1909-இல் ஓய்வுபெற்று, நூறு வருஷத்துக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. 2010-இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் அதை மறுபடி நீராவியில் ஓடவைத்தார்கள். நூறு வருஷம் நின்ற இயந்திரத்தைப் புதுப் பாகங்கள் இல்லாமல் பாதுகாப்பாக ஓட்ட முடியாது. ஆகவே இது அசல்தானா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். சென்னை மக்கள் அது புகைவிட்டு ஓடியதைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் இன்ஜின் தன் உருவத்தை மட்டும் சொல்லும். எப்படி வேலை செய்தது, எந்த இடத்தில் சூடாகும், எங்கே எண்ணெய் கேட்கும் என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியவரும். ஆனாலும் சேகரிப்பாளர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உடம்பில் புதிதாகத் துளை போடக் கூடாது. கழற்றிய மோட்டாரைத் தூக்கிப் போடாமல், எப்போது ஏன் கழற்றினோம் என்று சீட்டு எழுதி அதே பெட்டியில் வைக்க வேண்டும். நாளைக்கு வேறொருவர் பழையபடி மாற்ற நினைத்தால் மாற்ற முடியவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டோடு செய்யும் பழுதுபார்ப்பு, பொருளை மதிக்காத வேலை ஆகாது.

‘இனிமேல் எல்லாம் மென்பொருள், செயற்கை நுண்ணறிவு, ஸ்பேனரைப் பிடிக்கக் கற்றுத்தந்து என்ன பயன்?’ என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து வரும். மென்பொருள்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் நேரத்தில் பெரும்பங்கைத் தின்பது புதிதாக எழுதுவதா, எழுதியதில் பிழை தேடுவதா என்று. மெட்ரோ ரயில் காலையில் சரியான நேரத்துக்கு வருவதற்கு இரவில் பணிமனையில் விழித்திருப்பவர்கள் காரணம். ஆவடியிலும் தாம்பரத்திலும் மின்ரயில் பணிமனைகள் இருப்பது எதற்காக? நாட்டில் ஒருமுறை செய்யப்படும் எந்த இயந்திரமும் அதன் ஆயுள் முழுக்க யாரோ ஒருவரின் கவனிப்பில்தான் ஓடுகிறது. அந்த யாரோ ஒருவருக்கு நாம் சம்பளம் குறைவாகத் தருகிறோம், ‘மெக்கானிக்’ என்று சொல்லும்போது குரலையும் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறோம். பட்டம் பெற்றவர் செய்ய வேண்டாத வேலை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சாதியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கையில் எண்ணெய்க்கறை படும் வேலையைத் தலைமுறைகளாக யாரிடம் தள்ளிவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தின் பக்கம் காற்று மாறத் தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவற்றின் தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்பு விவரங்களை மக்களுக்குத் தர வேண்டும் என்பது நோக்கம். பிரான்ஸ் 2021 முதலே சில பொருட்களுக்குப் ‘பழுது பார்க்க எவ்வளவு எளிது’ என்ற மதிப்பெண்ணை விலைச்சீட்டோடு ஒட்டச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் உரிமை கையில் கிடைத்த பிறகு பழுது பார்க்கும் ஆள் வேண்டுமே. கையேடும் பாகமும் தபாலில் வந்துவிடும். சந்தேகங்களை வரிசையாக விலக்கத் தெரிந்த மனுஷனைத் தபாலில் அனுப்ப முடியாது.

ஆகவே அண்ணா பல்கலைக்கழகமும் தொழிற்பயிற்சித் துறையும் அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது, பழுது காணும் பாடத்துக்கு ஒரு பருவத்தில் இரண்டு கிரெடிட் ஒதுக்க வேண்டும். நான்கு மாணவர்களுக்கு ஒரு செத்த இயந்திரம். அது மாடல் இன்ஜினாக இருக்கலாம், வால்வு ரேடியோவாகவோ தையல் மிஷினாகவோ பம்ப்செட்டாகவோ இருக்கலாம். பொறியியல் மாணவரும் ஐ.டி.ஐ. மாணவரும் ஒரே குழுவில் இருக்கட்டும். எதைச் சந்தேகித்தோம், எப்படிச் சோதித்தோம், எதை விலக்கினோம் என்ற குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண். இயந்திரம் கடைசிவரை ஓடாவிட்டாலும் குற்றத்தைச் சரியாகச் சொன்னால் தேர்ச்சி. பழுதான இயந்திரங்களைத் தருவதற்கும், மாலையில் இரண்டு மணிநேரம் லேத்தை விட்டுக்கொடுப்பதற்கும் தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மல்டிமீட்டர், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் போதும். வரும் கல்வியாண்டிலேயே ஒரு வகுப்பில் தொடங்கிப் பார்க்கலாம்.